மூக்கு தெளிவு, முகம் மங்கல்

லென்ஸைக் கழற்றி மாற்றும் எஸ்எல்ஆர் கேமராவை முதல் தடவையாக வாங்கக் கிளம்புகிறவர் வாயில் முதலில் வருவது, "எத்தனை மெகாபிக்சல்?" ஆட்களை எடுக்க 16 தாராளம். 24 என்றால் அத்தை முகத்துப் பருவெல்லாம் எண்ணிக்கையோடு வரும். அத்தை அதற்காகச் சந்தோஷப்படப் போவதில்லை.

காசை பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத கேமரா உடம்பில், கொட்டாதீர்கள், லென்ஸுக்கு மிச்சம் வையுங்கள். கூடவே வரும் 18-55 எம்எம் கிட் லென்ஸை அகலமாகப் பார்க்கும் 18-ல் வைத்து, சித்தப்பாவுக்கு ஓரடி முன்னால் நின்று அமுக்கினால் மூக்கு முதலில் வரும், சித்தப்பா பின்னாலேயே வருவார். தப்பு லென்ஸில் இல்லை, நின்ற தூரத்தில். 55-க்குத் திருகி, ஐந்தாறு அடி தள்ளிப் போனால் மூக்கு தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

அடுத்து வாங்க வேண்டியது 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். எஃப் எண் குறைந்தால் லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும், தெளிவாக விழும் ஆழம் குறையும். கிராப் சென்சாரில் (படம் பதியும் தகடு, பழைய ஃபிலிமைவிடச் சின்ன அளவில்) இந்த லென்ஸ் 75, 80 எம்எம் அளவுக்குப் பார்க்கும், முகத்துக்குக் கச்சிதம். சின்ன அறையில் மட்டும் முதுகு சுவரில் இடிக்கும், அங்கே 35 தேவலாம். ஒரு எச்சரிக்கை: நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடியின் மோட்டாரை நம்பியிருக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸை மலிவு என்று வாங்கினால் ஆயுளுக்கும் கையால் திருக வேண்டியதுதான். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை நீட்டுங்கள்.

லென்ஸ் வந்த அன்றைக்கு எல்லாரும் 1.8-ல்தான் சுடுவார்கள். ஒன்றரை மீட்டர் தூரத்தில் அப்போது முன்பின்னாகத் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் புள்ளியை கேமராவின் இஷ்டத்துக்கு விட்டால் அது பெரும்பாலும் கிட்டே இருப்பதைப் பிடிக்கும். கிட்டே இருப்பது மூக்கு நுனி! எஃப்/2.8-க்குப் போய், ஒற்றைப் புள்ளியை நம் பக்கத்துக் கண்மேல் வையுங்கள். இரண்டு வரிசை நின்றால் 5.6, இடம் வெளிச்சமாக இருந்தால் 8. ஷட்டர் வேகம் 1/125 நொடி, குழந்தைக்கு 1/500, அதற்கும் அது ஆட்டம் காட்டும்.

பாடியிலிருந்து எழும்பும் குட்டி ஃபிளாஷ் நெற்றியை எண்ணெய்ச் சட்டி ஆக்கும், கண்ணைச் சிவக்க வைக்கும். தலை திரும்பும் தனி ஃபிளாஷ் வாங்கி, கூரையைப் பார்த்து அடியுங்கள். கூரை வெள்ளையா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். பச்சை பெயின்ட் என்றால் குடும்பமே பச்சை.

ட்ரைபாட் அப்புறம் ஆகட்டும். உபரி பேட்டரி, இரண்டாவது மெமரி கார்டு, வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடும் மடக்கு ரிஃப்ளெக்டர் போதும். அதிலும் வெள்ளைப் பக்கம். தங்கப் பக்கத்தைப் பிடித்தால் மஞ்சள்காமாலையா என்று விசாரிப்பார்கள்.

எஃப்/11-ல் எடுத்த இருபது பேருக்கும் ஒரே இடத்தில் மச்சம் தெரிந்தால் அது சென்சார் தூசி. வாயால் ஊதாதீர்கள், எச்சில் போய் உட்காரும். லென்ஸைக் கழற்றி, மெனுவில் கிளீனிங் போட்டு, உள்ளே சென்சாரை மறைக்கும் கண்ணாடி மேலே ஏறியதும், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ஊதியால் நாலு அமுக்கு.