நான்கு நங்கூரங்கள்

30 நவம்பர் 2017, வியாழன்

மீன் வலையை விட்டு இயேசுவின் பின்னே சென்ற புனித அந்திரேயாவின் திருநாள் இன்று. குமரி மாவட்டத்து எங்கள் தூத்தூர்க் கரையில் ஒரு வள்ளம்கூட இறங்கவில்லை. நேற்றிரவு எழுந்த காற்று வாழைத் தோட்டங்களையும் ரப்பர் மரங்களையும் சாய்த்துவிட்டது. மின்சாரம் இல்லை, அலைபேசியும் ஓய்ந்துவிட்டது. புயலுக்கு ஒக்கி என்று பெயராம். தம்பி கொச்சியிலிருந்து சுறாத் தூண்டிலுக்குப் புறப்பட்டு 16 நாள் ஆகிறது. போட்டில் அவனோடு சேர்த்து 11 பேர். கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் அவர்கள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் தூரத்துக்கு எட்டாது என்பதால், புயல் வருவதை அவர்கள் காற்றிடமிருந்துதான் அறிந்திருப்பார்கள்.

2 டிசம்பர், சனி

கோயில் வளாகத்து ஜெனரேட்டரில் அலைபேசிகளுக்கு மின்னேற்றி, தெரிந்த எண்களுக்கெல்லாம் முறை வைத்து அழைத்துக்கொண்டிருக்கிறோம். போட்டு கேரளத்தில் பதிவானது, ஆள்களோ தமிழ்நாட்டவர். ஆகவே ஒரு மேசையில் "அங்கே போய்க் கேளுங்கள்" என்கிறார்கள், அடுத்த மேசையில் "இங்கே ஏன் வந்தீர்கள்" என்கிறார்கள். தம்பியின் பெயரை மட்டும் இன்று ஒன்பது தாள்களில் எழுதிக் கொடுத்தேன். தம்பி மனைவி வியாழனிலிருந்து கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் உட்கொள்ளவில்லை.

3 டிசம்பர், ஞாயிறு

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் சவேரியார் திருநாளும் ஒன்றாக வந்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்தில் 68 போட்டுகள் ஒதுங்கியுள்ளன என்ற செய்தி வந்தபோது ஊரே எழுந்து நின்றது. மாலையில் ஒருவழியாகத் தொடர்பு கிடைத்தது. எங்கள் போட்டு அவற்றில் இல்லை.

வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக ஒன்று, கோட்டாற்றுச் சவேரியாருக்கு ஒன்று, அந்தோனியாருக்கு ஒன்று என மூன்று நாளில் மூன்று நேர்ச்சை நேர்ந்துவிட்டேன். நான்காவதாக எதைக் கொடுக்கலாம் என்று தேடியபோதுதான், மீன் ஏலத்தில் விலையை ஏற்றிக்கொண்டே போவதைப் போல இறைவனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. இரவு முழு நிலவு. கடல் ஒன்றும் அறியாததுபோல் கிடக்கிறது. அதைப் பார்க்கவே ஆத்திரம் வருகிறது.

5 டிசம்பர், செவ்வாய்

"கடவுள் சோதிக்கிறார்" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களை இன்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன். சோதிப்பதற்கு 11 பேரின் உயிரா வேண்டும்?

பிறகு விவிலியத்தில், திருத்தூதர் பவுல் சென்ற கப்பல் புயலில் சிக்கியதைச் சொல்லும் திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். மறைக்கல்வி வகுப்பில் பல ஆண்டுகள் நடத்திய பகுதிதான், ஆனால் பவுல் மால்தாவில் கரையேறுவதைச் சொல்லும் அவசரத்தில் கப்பலோட்டிகள் பட்ட பாட்டை வேகமாகக் கடந்துவிடுவேன். இன்று மெதுவாக வாசித்தேன். காற்றுக்கு எதிர்நிற்க முடியாமல் கப்பலை அதன் போக்கில் விடுகிறார்கள், கயிறுகளால் கப்பலைச் சுற்றிக் கட்டுகிறார்கள், சரக்கை எறிகிறார்கள், மறுநாள் கப்பலின் தளவாடங்களையும் எறிகிறார்கள். பல நாள்களாகக் கதிரவனையும் காணாமல் விண்மீனையும் காணாமல், பிழைப்போம் என்ற நினைப்பே அற்றுப்போன 276 பேர். தொழில் தெரிந்தவர்கள் தெரிந்ததையெல்லாம் செய்து முடித்த இடம் அது. தம்பியும் தூண்டிலை அறுத்துவிட்டு, ஐஸையும் மீனையும் கடலில் கொட்டிவிட்டு, அந்த இடத்துக்கு வந்திருப்பான்.

ஒருவரும் மடியமாட்டார் என்று பவுலுக்கு வானதூதர் வந்து சொன்னார். எனக்கு அப்படி எவரும் வரவில்லை, ஆகவே தம்பி திரும்புவான் என்று நம்புவதாக இங்கே எழுத என்னால் இயலவில்லை. ஆனால் பதினான்காம் இரவில் பாறையில் மோதிவிடுவோமோ என்று அஞ்சிய மாலுமிகள் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, பொழுது விடியவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டார்கள். கரை எங்கே என்றுகூடத் தெரியாதவர்களின் மன்றாட்டு அது. இன்றிரவு செபமாலைக்குப் பின் நேர்ச்சை எதுவும் சொல்லாமல், "அவன் எங்கே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். ஐந்து நாளில் முதல்முறையாக இரண்டு மணி நேரம் உறங்கினேன்.

7 டிசம்பர், வியாழன்

கடலில் காணாமல் போனவர்களைத் தேடித் தரக் கேட்டு, குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோருடன் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டவளுக்குப் போராட்டம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். நங்கூரத்தை இறக்கியதும் மனிதர்கள்தாம் என்றேன்.

8 டிசம்பர், வெள்ளி

அமல உற்பவ அன்னையின் திருநாள். அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு லட்சத்தீவிலிருந்து அழைப்பு வந்தது. நாங்களும் ஓடிப்போய் அவர்களோடு அழுதோம். அந்த அழுகையில் பொறாமையும் கலந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் போட்டைப் பற்றி அவர்களுக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் தம்பி மனைவிக்கு அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். விடியுமுன் பவுல் அப்பத்தை எடுத்து நன்றி கூறி, பதினான்கு நாளாகப் பட்டினி கிடந்தவர்களை உண்ணச் சொல்லும் இடத்தில் என்னை நிறுத்தினாள். கரை தெரிவதற்கு முன்பேயா சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். ஆம் என்றேன். சற்று நேரம் கழித்து, "மைனி, அரிசி போடட்டுமா?" என்று எழுந்து போனாள். அடுக்களையில் அரிசி களையும் ஓசை கேட்கிறது. நான் போய்த் தேங்காய் துருவ வேண்டும்.