உப்புக் காற்றும் பெட்டியில் அச்சிட்ட எண்களும்

திருகோணமலையில் ஒரு பொருள் எத்தனை காலம் உழைக்கும் என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. ஒரு பக்கம் டச்சு விரிகுடா, மறுபக்கம் உள்துறைமுகம், நடுவில் ஒடுங்கிய நிலத்தில் நகரம். எந்தத் தெருவில் குடியிருந்தாலும் உப்புக் காற்று வீட்டுக்குள் வந்துவிடும். ஜன்னல் கொக்கி, கதவுக் கீல், மிக்ஸியின் அடித்தட்டு, டிவியின் பின்பக்கத் திருகு என்று எதையும் விட்டுவைக்காது. நான் மதுரைக்காரி. அங்கே வெயில் உண்டு, தூசி உண்டு, இந்தக் காற்று கிடையாது. 2021 கடைசியில் கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தபோது, என் புது வாழ்க்கையில் நான் அதிகம் கற்றுக்கொள்ளப் போவது கடைப் பொருட்களைப் பற்றித்தான் என்று நினைக்கவில்லை.

கல்யாணச் சீர்வரிசையில் வந்த கேஸ் அடுப்பில்தான் அந்தப் பாடம் தொடங்கியது. "துருவே பிடிக்காது" என்று விளம்பரத்தில் ஒரு நடிகை சிரித்துக்கொண்டே சொன்ன அடுப்பு. சில மாதங்களில் பர்னரைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் பரவலாகப் பயன்படும் எவர்சில்வர் 304 என்ற வகை. அதில் உள்ள குரோமியம் மேலே ஒரு மெல்லிய படலமாக நின்று இரும்பைக் காக்கிறது. கடல் உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். கடலோரத்துக்கென்றே 316 என்று இன்னொரு வகை இருக்கிறது, அதில் மாலிப்டினம் இரண்டு மூன்று சதவீதம் சேர்ப்பார்கள், விலையும் கூடுதல். ஆக, "துருப்பிடிக்காது" என்ற பேச்சு மதுரைக்குப் பெரும்பாலும் பொருந்தும், திருகோணமலைக்குப் பொருந்தாது. விளம்பரம் என்னவோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

மாமி அடுப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, சமைச்சு முடிஞ்சதும் நல்ல தண்ணியால துடைச்சு, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி விடு." அவ்வளவுதான். அடுப்பு இன்றைக்கும் எரிகிறது.

அடுப்பாவது பரவாயில்லை, போன் விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. திருக்கடலூரில் எங்களுக்கு வேண்டிய ஒரு அண்ணன் இருக்கிறார், கடல் தொழில் செய்பவர். பிரான்சில் இருக்கும் அவருடைய தம்பி அனுப்பிய காசில் கொழும்பில் ஒரு நல்ல போன் வாங்கினார். பெட்டியில் ஐபி68 என்று, தூசியையும் தண்ணீரையும் தாங்கும் என்பதற்கான குறி போட்டிருந்தது. விளம்பரத்தில் ஒரு இளைஞன் அதே போனோடு நீச்சல் குளத்தில் பாய்கிறான், தண்ணீருக்கு அடியில் படம் எடுக்கிறான். அதைப் பார்த்த பிறகு, அதுவரை போனைத் தடித்த பொலித்தீன் பையில் போட்டு ரப்பர் பாண்டால் இறுக்கிக் கடலுக்குக் கொண்டுபோனவர், பையை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் போன் சார்ஜ் ஏறவில்லை.

கடைத்தெருவில் போன் திருத்தும் தம்பி அதைத் திறந்து காட்டியதை நானும் கூட நின்று பார்த்தேன். முதலில் சிம் தட்டை இழுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரு சின்ன ஒட்டுத்தாள் சிவந்து போயிருந்தது. ஈரம் பட்டால் நிறம் மாறுகிற தாள் அது. பிறகு பின்மூடியைச் சூடாக்கி, மெல்லிய தகட்டால் நெம்பிக் கழற்றினார். சார்ஜ் குத்துகிற இடத்தில் செம்புப் பற்கள் பச்சை பூத்திருந்தன, ஒன்று தேய்ந்து பாதியாகியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தபடியே சொன்னார்: "நல்ல தண்ணி வேற, கடல் தண்ணி வேற அக்கா. ஈரத்தோட சார்ஜ் போட்டா உப்பும் கரண்டும் சேர்ந்து பல்லைத் திண்டிடும்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. ஐபி என்பது ஒரு சர்வதேசத் தர அளவீடு. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 68 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை, ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே அறிவிப்பார். சோதனை நடப்பது ஆய்வுக்கூடத்தில், புது போனில், அசையாத நன்னீரில். அலை கிடையாது, உப்பு கிடையாது. ஓரங்களை அடைத்திருக்கும் பசை வெயிலில் நாளாக நாளாக இளகும் என்பதும் அந்தக் கணக்கில் வராது. படகில் வெயிலில் காய்ந்து, உப்புச் சாரலில் நனைந்து, ஈரக்கையால் எடுக்கப்படும் போனைப் பற்றி அந்த 68 ஒன்றுமே சொல்லவில்லை.

போன் கொழும்பில் உள்ள சேவை நிலையத்துக்குப் போனது. திரவச் சேதம், உத்தரவாதத்தில் அடங்காது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி பதில் வந்தது. உத்தரவாத அட்டையைத் தேடி எடுத்துப் படித்தேன். பொடி எழுத்தில் அந்த நிபந்தனை இருக்கத்தான் செய்தது, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். விளம்பரம் தமிழில், நிபந்தனை ஆங்கிலத்தில். தமிழும் ஆட்சிமொழியாக இருக்கிற நாட்டில், வடக்கு கிழக்கு முழுக்கத் தமிழில் விளம்பரம் செய்து விற்கிறவர்கள் அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சிட மாட்டார்களா? செலவு எவ்வளவு ஆகிவிடும்?

தண்ணீர் விளம்பரத்தை நம்பி ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரப்படுத்திய நிறுவனம், அது ஆய்வுக்கூட நிலைமையில் மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை, திரவச் சேதத்துக்கு உத்தரவாதமும் தரவில்லை என்பது அதில் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவில் சாம்சங் வழக்கு. கேலக்ஸி போன்களை நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்துவது போல 2016 முதல் 2018 வரை வந்த விளம்பரங்கள் தவறாக வழிநடத்தின என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது, 2022 ஜூனில் நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஈரமாக இருக்கும்போது சார்ஜ் செய்தால் சார்ஜிங் போர்ட் அரிக்கும் என்பதுதான் அந்த வழக்கின் மையம். கடைத்தெருத் தம்பி டூத் பிரஷ்ஷோடு சொன்னதும் அதேதான்.

இலங்கையிலும் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, 1977 என்ற எண்ணில் முறைப்பாடு எடுக்கிறது. அண்ணனுக்காக நான் உட்கார்ந்து எழுதினேன். விளம்பரத்தின் படம், பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை எல்லாம் இணைத்துத் தமிழிலேயே எழுதினேன். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பணம் திரும்ப வருமோ வராதோ, ஒரு மீனவரின் பெயரில் அந்தக் கேள்வி பதிவாக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நான் வந்த சில மாதங்களிலேயே 2022 பொருளாதார நெருக்கடி வந்துவிட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரைகூட மின்வெட்டு. தமிழ்நாட்டில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கும், இங்கே அப்போது அது அரிது. எல்லோரும் பவர் பேங்க் வாங்க ஓடினார்கள். 20,000 எம்ஏஎச், உங்கள் போனை நாலு தடவை சார்ஜ் செய்யும் என்று அட்டை. அந்த 20,000 உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் அளந்தது. போனுக்கு 5 வோல்ட்டில் வெளியே வரும்போது அது 14,800 ஆகிவிடும், மாற்றும்போது சூடாகிப் போவதையும் கழித்தால் பன்னிரண்டு பதின்மூன்றாயிரம்தான் கைக்கு வரும். போனின் 5,000 எம்ஏஎச்சும் 5 வோல்ட்டில் இல்லை, செல்லின் வோல்ட்டில் அளந்ததுதான் என்பதால், அதை ஏறக்குறைய மூன்று தடவை நிரப்பலாம். பொய் என்று சொல்ல முடியாது, எண் சரியான எண்தான். ஆனால் பகல் முழுக்க மின்சாரம் இல்லாமல், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் அழைப்புக்காகப் போனைக் காப்பாற்றி வைத்திருந்த ஒரு தாய்க்கு அந்தக் குறைந்த ஒரு தடவை சின்ன விஷயம் இல்லை. வோல்ட்டையும் சேர்த்துக் கணக்கிட்ட வாட்-அவர் எவ்வளவு என்று பாருங்கள். விமானத்தில் கொண்டுபோக அது தேவைப்படுவதால் பெரும்பாலும் எங்காவது அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பெரிதாகக் காட்டினால் வோல்ட் கணக்கில் யாரும் ஏமாற வேண்டியதில்லை.

டேட்டா பேக்கேஜ் கதையும் இதே ரகம். இங்கே பல பேக்கேஜ்களில் பெரிய எழுத்தில் போட்ட ஜிபியில் பாதியோ அதற்கு மேலோ இரவு நேரத்துக்கானது, நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை. மதுரையில் என் அம்மா ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார். எனக்கும் அவருக்கும் ஒரே நேரம், அரை நிமிட வித்தியாசம்கூடக் கடிகாரத்தில் இல்லை. அதனால் அந்த இரவு ஜிபி எனக்கு உதவாது. மாமிக்கு அப்படி இல்லை. அவருடைய மகள் டொரொண்டோவில். மாமி விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து கூப்பிட்டால் கோடை காலத்தில் அங்கே முந்தைய நாள் மாலை ஏழரை. பேரப்பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரே வீட்டில் ஒரே பேக்கேஜ், ஆனால் நூறு ஜிபியில் அறுபது இரவுக்கு என்றால், அவருக்கு அது நூறு, எனக்கு நாற்பது. கனடாவிலும் லண்டனிலும் பாதி உறவு இருக்கும் ஊருக்கு இரவு டேட்டா நல்லதுதான். மொத்த எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் காட்டுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். இந்தியாவிலும் யோக்கியம் இல்லை. 28 நாளை ஒரு மாதம் என்று விற்று, வருடத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ் செய்ய வைத்தார்கள். 2022 ஜனவரியில் அங்கத்தைய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்தாக வேண்டும் என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று.

பிளக் விஷயம் எளிது. மதுரையிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரின் உருண்டை முள் இங்கத்தைய 13 ஆம்பியர் சதுர முள் பாயிண்டில் ஏறாது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு பிளக்கை மாற்றிக்கொள்ளுங்கள், மல்டி பிளக்கில் கிரைண்டர் ஓட்ட வேண்டாம்.

இப்போது எல்லாப் பெட்டியிலும் ஏஐ வந்துவிட்டது. மாமிக்கு வாஷிங் மெஷின் பார்க்க என்.சி. வீதிக்குப் போனோம். ஏஐ என்று மினுங்கும் ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றைக் கடைப் பையன் காட்டினார். அது என்ன செய்யும் என்று கேட்டேன். துணியின் பாரத்தைப் பார்த்து, தண்ணீரையும் நேரத்தையும் தானே முடிவு செய்யும் என்றார். ஜப்பானில் மட்சுஷிடா நிறுவனம் 1990இலேயே உணரிகளை வைத்து இதே மாதிரி வேலையைச் செய்யும் மெஷினை விற்றது. அன்றைக்கு அதன் பெயர் ஃபஸி லாஜிக். அந்தப் பெயரைச் சொல்லித்தான் எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் விற்றார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய வேலைக்குப் புதிய ஸ்டிக்கர் ஒட்டி விலை கூட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

மாமிக்கு ஏஐ பற்றிக் கவலை இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, எங்கட கிணத்துத் தண்ணி சவர். டாங்கும் அவ்வளவு உயரமில்லை. இது ஓடுமோ?" இதைவிட நல்ல கேள்வி அந்தக் கடையில் அன்றைக்கு யாரும் கேட்டிருக்க முடியாது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் சுமாராக ஒரு பார் அழுத்தம் தரும். பல மெஷின்கள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் கேட்கும், அதாவது டாங்க் மெஷினுக்கு மூன்று முதல் ஐந்து மீட்டர் மேலே இருக்க வேண்டும். பையனுக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் நல்ல பிள்ளை, கையேட்டை எடுத்துத் தேடிப் பார்த்துச் சொன்னார். நாங்கள் ஏஐ இல்லாத, குறைந்த அழுத்தத்திலும் தண்ணீர் எடுக்கும் டாப் லோடரை வாங்கினோம்.

அதே கடையில் போன் வாங்க வந்த ஒருவருக்கு அந்தப் பையன் சொல்லிக்கொடுத்தது எல்லோருக்கும் உதவும்: *#06# அடித்தால் போனின் அடையாள எண்ணான பதினைந்து இலக்க ஐஎம்இஐ வரும், IMEI என்று எழுதி ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணை அடித்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்த போன் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். காசு கொடுப்பதற்கு முன்னால் அனுப்ப வேண்டும்.

திருக்கடலூர் அண்ணன் இப்போது ஒரு பழைய பட்டன் போனைப் பொலித்தீன் பையில் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகிறார். பிரான்சில் இருக்கும் தம்பி அடுத்த விடுமுறைக்கு வரும்போது வேறொன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் ஸ்மார்ட்போன்களுக்குப் புதிய விதி வந்திருக்கிறது. விற்பனை முடிந்த பிறகும் முக்கியமான உதிரிபாகங்கள் ஏழு வருடம் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு போனுக்கும் ஒரு லேபிள் இருக்க வேண்டும், எவ்வளவு எளிதாகத் திருத்தலாம் என்பதற்கு அதில் ஏ முதல் ஈ வரை ஒரு எழுத்து இருக்க வேண்டும். இதைக் கடைத்தெருத் தம்பியிடம் சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அண்ணனைக் கடைக்கே கூட்டி வரச் சொல்லி, அங்கிருந்தே பாரிசுக்கு வீடியோ கால் போட வைத்தார். அந்தப் பக்கத்தில் தம்பி ஒரு கடைக்குள் நின்று பெட்டி பெட்டியாகக் கேமராவில் காட்டினார்.

"அந்த ஐபி நம்பரை விடுங்கோ அண்ணை," என்றார் கடைத்தெருத் தம்பி. "திருத்துற எழுத்து என்ன போட்டிருக்கு? பெட்டரி ஸ்குரூ கழட்டி எடுக்கலாமோ, இல்லாட்டி ஒட்டினதோ? சார்ஜிங் போர்ட் தனியா வாங்கலாமோ எண்டும் கேளுங்கோ. வாங்கலாம் எண்டா ரெண்டு போர்ட் சேர்த்தே கொண்டு வாங்கோ, இங்க போட்டுக்கொடுக்க நான் இருக்கிறன்."