இருபது ரூபாய் புரோக்கரேஜ் சரி, மீதிச் செலவு எங்கே போகிறது?

எந்த புரோக்கரிடம் ஆப்ஷன் (பங்கையோ டாலரையோ முன்பே குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) செலவு குறைவு என்று தேடுபவர்கள் புரோக்கரேஜை மட்டும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். டிஸ்கவுண்ட் புரோக்கர்கள் பலரிடம் ஆர்டருக்கு 20 ரூபாய்தான். அதில் இன்னும் 5 ரூபாய் குறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பணம் கரைவது ஸ்ப்ரெட்டிலும் (வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளி) எக்ஸ்பயரியிலும்தான் (ஒப்பந்தம் முடியும் நாள்).

ஒரு கணக்கு போடுவோம். லாட் (ஒரு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவு) 500 பங்கு. பிரீமியம், அதாவது ஆப்ஷனின் விலை, பங்குக்கு 40 ரூபாய் என்று வாங்கி 42-க்கு விற்கிறீர்கள். லாபம் 1,000 ரூபாய். இரண்டு ஆர்டருக்கும் புரோக்கரேஜ் 40. விற்கும்போது மட்டும் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி). 2024 அக்டோபர் 1 முதல் 2026 மார்ச் வரை இருந்த 0.1 சதவீத விகிதப்படி 21 ரூபாய். இது பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியது. என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) கட்டணம் பிரீமியத்தில் 0.03503 சதவீதம், இரண்டு பக்கமும் சேர்த்து 14.36. புரோக்கரேஜுக்கும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறக்குறைய 9.80. முத்திரைத் தீர்வை 60 காசு. அந்த விகிதத்தில் ஆகமொத்தம் 86 ரூபாய்.

இப்போது திரையைப் பாருங்கள். வாங்குபவர் 40 கேட்கிறார், விற்பவர் 41 சொல்கிறார். மார்க்கெட் ஆர்டரில் (கிடைக்கும் விலைக்கே) உள்ளே போய், அப்படியே வெளியே வந்தால் பங்குக்கு ஒரு ரூபாய் போச்சு. லாட்டுக்கு 500. எல்லாக் கட்டணத்தையும் சேர்த்தாலும் அதில் ஆறில் ஒரு பங்குதான் வரும்.

ஆகவே பங்கு ஆப்ஷனில் லிமிட் ஆர்டர் (விலையை நாமே குறிப்பது) மட்டும்தான். 40.50-இல் போட்டுக் காத்திருங்கள். நிறைவேறாவிட்டால் ஐந்து ஐந்து காசாக நகர்த்துங்கள். ஆர்டரை மாற்றுவதற்குக் கட்டணம் இல்லை, நிறைவேறிய ஆர்டருக்குத்தான். நடப்பு மாத எக்ஸ்பயரி, சந்தை விலையை ஒட்டிய இரண்டு மூன்று ஸ்ட்ரைக் (ஒப்பந்தத்தில் குறித்த விலை), இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலை முதல் கால் மணி நேரம் ஸ்ப்ரெட் அகலமாக இருக்கும். அப்போது அவசரம் வேண்டாம். நான்கு ஆப்ஷன்களைச் சேர்த்துப் போடும் அயர்ன் காண்டோர் என்ற உத்தியில் இறங்கி எல்லாவற்றையும் மூடினால் எட்டு ஆர்டர், ஜிஎஸ்டியோடு 188.80 ரூபாய். நான்கு ஸ்ப்ரெட் வேறு. வாங்கி வைத்த ஆப்ஷன் ஸ்ட்ரைக்கிலிருந்து வெகுதூரம் விலகி 5 காசுக்கு வந்துவிட்டதா? விற்றால் கிடைப்பது 25 ரூபாய், அதில் 23.60 புரோக்கரேஜுக்கும் ஜிஎஸ்டிக்கும். தானாகவே காலாவதியாகட்டும்.

இதற்கு நேர்மாறு, லாபத்தில் இருக்கும் ஆப்ஷன். 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷனுக்கும் டெலிவரி (பங்கையே கைமாற்றுவது) கட்டாயம். 1,400 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன் (வாங்கும் உரிமை தருவது) லாபத்தில் முடிந்தால், 500 பங்குக்கு 7 லட்சம் ரூபாய் கட்டி வாங்க வேண்டும். டெலிவரி எஸ்டிடி 700. இதற்கு 0.25 சதவீதம் புரோக்கரேஜ் வாங்கும் இடத்தில் இன்னொரு 1,750. கடைசி நான்கு நாட்களில் மார்ஜின் (புரோக்கரிடம் ஈடாகக் கட்டி வைக்கும் பணம்) படிப்படியாக ஏறும். பணம் இல்லையென்றால் புரோக்கரே விற்றுவிட்டு அதற்கும் தனிக் கட்டணம் போடுவார். அந்த வாரம் பிறப்பதற்கு முன்பே வெளியேறிவிடுவது மலிவு.

கரன்சி ஆப்ஷனில் எஸ்டிடி கிடையாது. ஆனால் சிறிய அளவில் செய்தால் அந்த 20 ரூபாயே பாரமாகிவிடும். டாலர்-ரூபாய் லாட் 1,000 டாலர். பிரீமியம் 25 காசு என்றால் லாட்டுக்கு 250 ரூபாய். போக வர புரோக்கரேஜ் ஜிஎஸ்டியோடு 47.20, அதாவது ஏறக்குறைய 19 சதவீதம். இருபது லாட்டை ஒரே ஆர்டரில் போட்டால் அது ஒரு சதவீதத்துக்குள் அடங்கும். பிரித்துப் பிரித்துப் போடாதீர்கள்.

அதற்கு முன், உங்களுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2024 ஜனவரி 5 சுற்றறிக்கை (மே 3 முதல் அமல்) படி, டாலர்-ரூபாய் போன்ற ரூபாய் ஜோடிகளில் இறங்க ஏற்றுமதி வரவு, இறக்குமதிக் கடன் போன்ற உண்மையான அந்நியச் செலாவணித் தேவை இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்ட வேண்டியதில்லை என்பதை, தேவையே இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று படிக்கக் கூடாது. யூகத்துக்காக வந்தவர்கள் வெளியேறியதும் சந்தை வற்றிவிட்டது, ஸ்ப்ரெட் விரிந்துவிட்டது. தேவை உள்ளவர்கள் ஆப்ஷனோடு டாலர் ஃபியூச்சர் (எக்ஸ்சேஞ்சில் நடக்கும் முன்பேர ஒப்பந்தம்) விலையையும், வங்கி தரும் ஃபார்வர்டு (வங்கியோடு நேரடியாகப் போடும் முன்பேர ஒப்பந்தம்) விலையையும் ஒரே நாளில் கேட்டு ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

ஜீரோ புரோக்கரேஜ் என்று விளம்பரம் செய்யும் வெளிநாட்டு ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி வர்த்தக) ஆப்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம். அவற்றுக்கு மார்ஜின் பணம் அனுப்புவதே ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) மீறல். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லாததால் அந்த ஆப் அங்கீகாரம் பெற்றது என்று ஆகிவிடாது.