பதிவேட்டில் இருந்த எழுத்து

24 நவம்பர் 2024, ஞாயிறு

அப்பா 1961 முதல் 1967 வரை போதகராக இருந்த கிராமத்துக்கு இன்று போய் வந்தேன். நெல்லிக்குப்பத்துக்குப் பக்கம்தான், ஆனாலும் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. தங்கைக்கு ஞானஸ்நானச் சான்று எடுக்க வேண்டியிருந்தது. இப்போதிருக்கும் இளம் ஐயர் (எங்கள் சபைகளில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) பீரோவிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்து, தூசி தட்டி மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது.

முதல் பக்கத்தைப் புரட்டியதுமே கை நின்றுவிட்டது. அத்தனையும் அம்மாவின் எழுத்து. ‘ழ’வின் வாலை இப்படி நீட்டிச் சுழிப்பது அம்மா மட்டும்தான். ஹாஸ்டலில் இருந்தபோது எனக்கு வந்த கடிதங்களில் பார்த்த அதே சுழி. ஆறு வருடத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாமே அம்மா எழுதியவை. ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கட்டத்தில் அப்பாவின் கையொப்பம் மட்டும்.

அம்மாவின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இரண்டே இடத்தில் இருந்தது. 1963-இல் எனக்கு, 1966-இல் தங்கைக்கு, ‘தாயார்’ என்ற கட்டத்தில்.

சில குழந்தைகளின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. அது எதற்கு என்று ஐயருக்கும் தெரியவில்லை.

27 நவம்பர், புதன்

அம்மாவிடம் பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். 92 வயது. காது மந்தம், இடது கண்ணில் பார்வை இல்லை. ஆனால் ஞாபகம் அப்படியே இருக்கிறது.

“ஐயர் ஊர் ஊரா சைக்கிள்ல போயிட்டு ராத்திரி வருவாரு. யாரு எழுதறது? நான்தான் எழுதுவேன்” என்றார். அவ்வளவுதான். அப்பா இறந்து 15 வருடம் ஆகிறது. இன்னும் அம்மாவுக்கு அவர் ‘ஐயர்’தான்.

அப்புறம் பேச்சு பிடியரிசிக்குப் போனது. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். உலை வைக்கும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை சின்னத் துணிப்பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் அதை அளந்து விற்றுச் சபைக் கணக்கில் சேர்ப்பார்கள். அளப்பது அம்மாவின் வேலை.

“பையைக் கையில வாங்கினதுமே தெரிஞ்சிரும் பாப்பா. கனம் குறைஞ்சா அந்த வீட்டுல அத்தனை வேளை அடுப்பு எரியலைன்னு அர்த்தம்.”

நான் இத்தனை நாள் அதைக் காணிக்கை என்று மட்டும் நினைத்திருந்தேன். அம்மாவோ ஊரின் பசிக்கணக்கையே அந்தப் பைகளில் பார்த்திருக்கிறார். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தேர்தலில் பேசிய 1967-ஐ ஒட்டிய பஞ்ச காலம் அது. பை லேசாக வந்த வீட்டுக்குச் சாயங்காலம் பின்வாசல் வழியாக முறத்தில் அரிசி போகும், மேலே முருங்கைக்கீரையைப் போட்டு மூடி. கீரை கொண்டுபோகிற மாதிரி. எங்கள் வீட்டு அரிசிதான் அது. அந்த வாரம் நாங்கள் கஞ்சி குடித்திருப்போம்.

புள்ளியைப் பற்றிக் கேட்பதற்குள் தூங்கிவிட்டார்.

1 டிசம்பர், ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்திலும் தெருவெல்லாம் தண்ணீர், கரண்ட் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, கோயிலுக்குப் போக முடியவில்லை.

மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆராதனை முறைமை முழுவதையும் அம்மா மனப்பாடமாகச் சொன்னார். போதகர் சொல்ல வேண்டியதையும் சபையார் சொல்ல வேண்டியதையும் அவரே சொன்னார். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த ஞாயிறுகளில் ஆராதனை நடத்திய உதவி ஊழியரான உபதேசியாருக்கு அடி எடுத்துக் கொடுத்தது அம்மாதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

3 டிசம்பர், செவ்வாய்

சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து உப்பலவாடி, தாழங்குடாப் பக்கமெல்லாம் வெள்ளம். எங்கள் தெருவில் முழங்கால் அளவு. பால் வரவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர், அப்பாவின் பழைய சபையைச் சேர்ந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்தே வந்தார். கையில் இரண்டு பால் பாக்கெட். “அம்மாவுக்கு” என்று கொடுத்துவிட்டு உள்ளே கூட வராமல் போய்விட்டார். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தவறாமல் வருகிறவர்தான். இந்த வெள்ளத்திலுமா!

14 டிசம்பர், சனி

போதகருக்குச் சபை தரும் வீடான குருமனை எத்தனையில் இருந்தோம் என்று இன்று விரல்விட்டு எண்ணினோம். ஒன்பது. ஒவ்வொரு மாற்றலுக்கும் அம்மா தோட்டத்தை விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு ஊரில் வைத்த கொய்யா காய்க்கும்போது நாங்கள் அடுத்த ஊரில் இருப்போம். இதை அம்மா குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. 36 வருடம் ஊழியம் செய்துவிட்டு அப்பா ஓய்வு பெற்றபோது அவர்களுக்கென்று ஒரு கதவு கிடையாது, வாடகை வீடு தேடி அலைந்தார்கள். அம்மாவின் 36 வருடத்துக்கோ கணக்கே இல்லை.

இந்தக் கரையின் சபை வரலாற்றில் ஐயர்மார் பெயர் வரிசையாக வரும். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், 1740-இல் கடலூருக்கு வந்த கீர்நாந்தர், மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷனைத் தொடங்கிய ஓக்ஸ். சீகன்பால்கின் மனைவி மரியா டொரோத்தேயாவின் பெயரை ஞாயிறு பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அன்னிய ஊரில் விதவையான பெண் அவர்.

தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் புஷ்பா லலிதா முதல் பெண் பேராயரானார். அந்தச் செய்தியை அம்மா பேப்பரிலிருந்து வெட்டி வேதாகமத்துக்குள் வைத்தார். நாங்கள் அந்தச் சபை இல்லை. இருந்தாலும் வைத்தார். இன்னும் இருக்கிறது, நீதிமொழிகள் பக்கத்தில்.

26 டிசம்பர், வியாழன்

சுனாமி வந்து இன்றோடு 20 வருடம். அன்று ஞாயிறு. அப்பா உயிரோடு இருந்தார். தேவனாம்பட்டினத்திலிருந்து ஜனங்கள் ஈரத் துணியோடு ஓடிவந்தார்கள். மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் புடவையை அலை உருவியிருந்தது, பாவாடையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் நான் எடுத்துக் கொடுத்த கிறிஸ்துமஸ் புடவை, மடிப்புக் கலையாமல் கட்டிலில் இருந்தது. அம்மா அதைப் பிரித்து, அந்தப் பெண்ணை நிற்கவைத்துத் தானே கொசுவம் வைத்துக் கட்டிவிட்டார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. கட்டி முடித்துவிட்டுக் காப்பி போடப் போனார்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

இன்று புள்ளியைக் கேட்டேன். செல்போனில் எடுத்து வந்த படத்தைப் பெரிதாக்கி வலது கண்ணுக்குக் கிட்டே காட்டினேன். விரலை ஒவ்வொரு பெயர் மேலும் வைத்துக்கொண்டே வந்தார்.

“இதெல்லாம் பிரசவத்துல தாய் போன பிள்ளைங்க. மாசா மாசம் போய்ப் பாக்கணுமே, மறந்துருமேன்னு வச்சேன்.”

ஒரு பெயரில் விரல் நின்றது. எனக்கு மூன்று மாதம் முன்னால் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை.

“இவனை மட்டும் இங்கயே தூக்கிட்டு வந்துட்டேன். ஆட்டுப்பால் ஒத்துக்கல. நீ பொறந்ததும் உனக்கு ஒரு பக்கம், அவனுக்கு ஒரு பக்கம். ஒரு வருஷம். அதான் எலக்ட்ரிக் கடை வச்சிருக்கானே, அவன்.”

“அவருக்குத் தெரியுமாம்மா?”

“அவனோட பாட்டி சொல்லியிருப்பா.”

சாயங்காலம் அவர் புத்தாண்டு காலண்டர் கொண்டுவந்தார். வழக்கமாக அவரை நான் பெயர் சொல்லாமல், முறை சொல்லாமல்தான் பேசுவேன். டம்ளரை எடுத்துவந்து, “சர்க்கரை போடலாமாண்ணே?” என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

“அரை ஸ்பூன் போடும்மா” என்றார்.