பட்டன் இருக்கிறது, ரப்பர் இருக்கிறதா?

டயரை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலானோர் கிலோமீட்டர் கணக்கைத்தான் சொல்கிறார்கள். 40,000 ஓடிவிட்டால் மாற்ற வேண்டும், ஓடவில்லையென்றால் இன்னும் காலம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் வாடகைக் காருக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் பணி ஓய்வு பெற்றவர் வீட்டு வாசலில் உறை போர்த்தி நின்றுகொண்டு, குலதெய்வம் கோயிலுக்கும் உறவினர் கல்யாணங்களுக்கும் மட்டும் வெளியே வரும் காருக்குச் சற்றும் பொருந்தாது.

அத்தகைய காரின் டயரில் பட்டன், அதாவது சாலையில் படும் பள்ளம் வெட்டிய மேற்பரப்பு, ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். ரப்பர்தான் கெட்டுப்போயிருக்கும். வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை ஆண்டுக்காண்டு இறுகச் செய்கின்றன. இறுகிய ரப்பர் சாலையைப் பற்றுவதில்லை, குறிப்பாக ஈரச் சாலையை. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் அந்த டயர் தயாரானது என்று பொருள். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால், வெளியே தெரியவில்லையென்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து உட்புறத்தில் தேட வேண்டியிருக்கும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் ஒருவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டு ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது சில பெரிய டயர் நிறுவனங்களே தரும் அறிவுரை. நம் ஊர் வெயிலில் நான் பத்து வரை காத்திருக்கமாட்டேன். ஆறு ஆண்டு ஆகி, பக்கச் சுவரிலோ பள்ளங்களின் அடியிலோ மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் அதற்குமேல் யோசிக்க எதுவுமில்லை.

தினமும் ஓடும் காரின் கதை வேறு. அங்கே தேய்மானம்தான் முதலில் வருகிறது. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறிய ரப்பர் மேடுகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சமிருப்பது 1.6 மில்லிமீட்டர், மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்கு அனுமதிக்கும் கடைசி ஆழமும் அதுதான். சட்டத்துக்கு அது போதும், ஐப்பசி மழைக்குப் போதாது. புதிய டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும் பள்ளத்தின் வேலையே சாலையில் தேங்கிய நீரை வாங்கி வெளியே தள்ளுவதுதான். அந்த ஆழம் குறையக் குறைய, திண்டிவனம் தாண்டிக் கொட்டும் மழையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டயர் நீரை வெட்டிக்கொண்டு தரையைத் தொட முடியாமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும், அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பெயருக்குத்தான் இருக்கும். அதனால் 3 மில்லிமீட்டருக்கு வந்த டயரைப் புரட்டாசி முடிவதற்குள் மாற்றிவிடுவதையே நான் எல்லோருக்கும் சொல்கிறேன். கோடையில் அந்த நிலைக்கு வந்தால் சில மாதம் ஓட்டிக்கொள்ளலாம்.

ஆழத்தை வெளிப்புறத்தில் மட்டும் பார்ப்பது பயனற்றது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்துவிட்டு முன் டயரின் உள்விளிம்பைப் பாருங்கள். அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்ட வண்டியில் வெளியே அழகாகப் பட்டன் தெரிய, உள்விளிம்பு மொட்டையாகி, சில நேரம் ரப்பருக்குள் இருக்கும் கம்பியே தெரிந்துகொண்டிருக்கும். கம்பி தெரியாத டயரென்றால் உள்ளங்கையைப் பட்டனின் குறுக்கே இருபுறமும் தடவிப் பார்க்கலாம். ஒரு திசையில் வழவழவென்றும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் பட்டால் அலைன்மென்ட்தான் காரணம். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது; நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடுதல். இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போடுவது பணத்தைத் தெருவில் தேய்ப்பதற்குச் சமம்.

பக்கச் சுவரில் புடைப்பு வந்திருந்தால் அளவு, வயது எதையும் பார்க்க வேண்டியதில்லை. சாலைப் பள்ளத்தில் இடித்த வேகத்தில் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்பதே அதன் பொருள், அதை ஒட்டவும் முடியாது. பக்கச் சுவரில் ஏறிய ஆணிக்கும் இதே தீர்ப்புதான், பஞ்சர் கடைக்காரர் எவ்வளவு தைரியம் சொன்னாலும் சரி.

இரண்டு டயர் மட்டும் வாங்கும்போது ஒரு தகராறு வரும். முன்சக்கரங்கள் இழுக்கும் காரில் முன் டயர்கள்தாம் சீக்கிரம் தேயும் என்பதால், கடையில் புதியவற்றை அங்கேயே மாட்டப் பார்ப்பார்கள். பின்னால் மாட்டச் சொல்லுங்கள். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பழக்கமில்லாதவர்களால் அதை மீட்க முடியாது. மாட்டுவதற்கு முன்பே புதிய டயரின் தேதியையும் படித்துவிடுங்கள், கிடங்கில் இரண்டு மூன்று ஆண்டு கிடந்த சரக்கும் புதிது என்ற பெயரிலேயே விற்கப்படும்.

ஸ்டெப்னிக்கும் அந்த நான்கு இலக்கம் உண்டு. டிக்கியில் எட்டு ஆண்டு படுத்திருந்த டயரை, ஒருமுறைகூடத் தரையைத் தொடாதது என்பதற்காகப் புதிய டயர் கணக்கில் சேர்த்து, மூன்று மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் யோசிக்கிறார்கள். அது பஞ்சரான இடத்திலிருந்து அருகிலுள்ள கடை வரை மெதுவாக ஓட்டிப்போக உதவலாம், அதற்குமேல் அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது.