ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது: அளவில்தான் எல்லாம் இருக்கிறது

இஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைத் தொடுவதில்லை. ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று பல கார்களின் கையேட்டில் எழுதியிருப்பதுதான் காரணம். ஆனால் பல கம்பெனிகளுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. கார் விற்றவர் சொல்வதைவிட கியர்பாக்ஸ் செய்தவர் சொல்வதைக் கேட்பதே சரி.

இந்த ஆயிலுக்கு வேலை அதிகம். கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பது இதன் பிரஷர்தான். இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் இஞ்சினின் விசையைக் கடத்துவதும், சூட்டை எடுத்துப்போய் கூலரில் விடுவதும் இதுதான். பிளேட்டுகள் எவ்வளவு நழுவிப் பிறகு பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சேர்மானங்களும் இதில்தான் இருக்கின்றன. தொடர்ந்து சூடாகும்போது அவை கெட்டுப்போகின்றன. முதல் அறிகுறி பெரும்பாலும் சீரான வேகத்தில், லேசாக ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது தெரியும்: வரிவரியான வேகத்தடை மேல் ஓடுவதுபோல ஓரிரு விநாடி அதிர்வு. கன்வர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடுவதால் வருவது அது. அந்தக் கட்டத்தில் ஆயில் மாற்றினாலே பல வண்டிகளில் சரியாகிவிடும்.

கியர் நழுவுகிறது, டி-யில் போட்டால் நகர மறுக்கிறது, ஆயில் கருத்துத் தீய்ந்த வாடை அடிக்கிறது என்ற நிலைக்கு வந்துவிட்டால் பிளேட்டுகள் ஏற்கெனவே தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். புது ஆயில் அவற்றை வளர்த்துத் தராது. "ஆயில் மாற்றினார்கள், கியர்பாக்ஸ் போய்விட்டது" என்று கேள்விப்படுவதில் பெரும்பாலானவை இப்படிக் கடைசி நேரத்தில் மாற்றியவைதான்.

எந்த ஆயில் என்பதில் சமரசமே கூடாது. கையேட்டில் உள்ள ஸ்பெசிஃபிகேஷனையே வாங்குங்கள்: டொயோட்டா டபிள்யூ.எஸ்., ஹோண்டா டி.டபிள்யூ.-1, நிசான் மேட்டிக் எஸ், ஹூண்டாய் எஸ்.பி.-4 என்று ஒவ்வொன்றும் வேறு. ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்பெசிஃபிகேஷனான டெக்ஸ்ரானில், 3 கேட்கும் பழைய கியர்பாக்ஸில் டெக்ஸ்ரான் 6 ஊற்றலாம். 6 கேட்பதில் 3 ஊற்றக் கூடாது. ஃபோர்டின் மெர்கான் எல்.வி. கேட்பதில் மெர்கான் 5 கூடாது. சி.வி.டி. (பல்சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் கியர்பாக்ஸ்) என்றால் அதற்கென்றே உள்ள ஆயில்தான். அங்கே இரும்புப் பெல்ட்டும் புல்லியும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பதே ஆயிலின் தன்மையால்தான்; சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் (ஏ.டி.எஃப்.) ஊற்றினால் பெல்ட் நழுவி புல்லியில் கோடு விழும். ஏ.எம்.டி. வண்டிகளுக்கு இந்தப் பதிவு பொருந்தாது. கிளட்சையும் கியரையும் வண்டியே இயக்கினாலும், அதில் இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ், மேனுவல் கியர் ஆயில்.

அடுத்தது எவ்வளவு வாங்குவது. ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்தால் மொத்த ஆயிலும் வராது, பாதிக்கு மேல் கன்வர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தம் 8 லிட்டர், ஒரு தடவைக்கு 3.5 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவைக்குப் பிறகு பழையது 56 சதவீதம் மிஞ்சும், இரண்டாவதில் 32, மூன்றாவதில் 18. இடையில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மூன்று தடவை இப்படி மாற்றுவதே வீட்டில் செய்ய ஏற்ற முறை. கூலர் குழாயைக் கழற்றி இஞ்சினை ஓட்டி ஒரேயடியாக வெளியேற்றும் முறையும் உண்டு. ஆனால் ஊற்றும் வேகத்தைவிட வெளியேறும் வேகம் அதிகமாகி, சில விநாடி பம்ப் வறண்டு ஓடினாலே சேதம்தான். தனியாளாக அதைச் செய்ய வேண்டாம்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது தொடங்குங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உடனே திறந்தால் கை வெந்துவிடும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். நான்கு ஜாக் ஸ்டாண்டில் வண்டி சமமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் அளவு பார்க்கும்போது கணக்கே தப்பிவிடும்.

கீழே படுத்ததும் முதலில் திறக்க வேண்டியது டிரெயின் பிளக் அல்ல, ஊற்றும் பிளக். டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் குச்சி) இல்லாத கியர்பாக்ஸில் இது உயிர்நாடி. அந்த பிளக் துருப்பிடித்து இறுகியிருந்தாலோ ஆலன் கீ வழுக்கி அதன் தலை தேய்ந்தாலோ, ஆயில் உள்ளே இருக்கும்வரை வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம். காலி செய்த பிறகு தெரிந்தால் டோயிங் வண்டிதான். எது எந்த பிளக் என்பதையும் படம் பார்த்து உறுதிசெய்யுங்கள். இஞ்சின் ஆயில் என்று நினைத்து கியர்பாக்ஸைக் காலி செய்துவிட்டு, இஞ்சினில் மேலும் நாலு லிட்டர் ஊற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு.

சில கியர்பாக்ஸ்களில் டிரெயின் பிளக்குக்கு உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய் நிற்கும். வெளி பிளக்கைக் கழற்றியதும் கொஞ்சம் ஒழுகி நின்றுவிடும். அவ்வளவுதான் ஆயில் என்று ஏமாறக் கூடாது. குழாயையும் ஆலன் கீயால் கழற்றினால்தான் மீதி வரும். திரும்பப் போடும்போது அதைக் கையளவு இறுக்கம் தாண்டி முறுக்கினால் உடைந்துவிடும்.

வடிந்த ஆயிலை அப்படியே ஆறவிட்டு, அளவுக்கோடு போட்ட பாட்டிலில் ஊற்றி அளந்து எழுதிவையுங்கள். ஆறிய பிறகு என்பது முக்கியம்: 8 லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய கால் முதல் அரை லிட்டர் வரை விரியும். நிறத்தையும் பாருங்கள். பழுப்பாவது இயல்பு. ரோஜா நிறத்தில் பால் கலந்ததுபோல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது ஆயில் ஊற்றுவது வீண்.

கியர்பாக்ஸின் அடித்தட்டையும் (பான்) கழற்றி ஃபில்டர் மாற்றுவதாக இருந்தால், தட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிற மெல்லிய களிம்பு ஒட்டியிருக்கும். அது பல்லாயிரம் கிலோமீட்டர் தேய்மானம், துடைத்துவிட்டால் போதும். விரலால் உருட்டினால் குத்துகிற உலோகச் சில்லு, பித்தளைத் துணுக்கு இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. ஃபில்டரை இழுக்கும்போது பழைய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புது ஓ-ரிங்கோடு ஃபில்டரை ஏற்றினால் சரியாக உட்காராது, பம்ப் காற்றை உறிஞ்சி ஊளையிடும். பான் போல்ட்டுகளுக்கு பெரும்பாலும் 8 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். எதிரெதிராக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். கசிகிறதே என்று மேலும் முறுக்கினால் பானின் விளிம்பு வளையும், இல்லையென்றால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும். கேஸ்கெட் இருந்தால் சிலிக்கான் பூசாதீர்கள். பிதுங்கி உள்ளே விழும் துண்டு ஃபில்டரை அடைக்கும்.

வெளியே வந்த அளவையே முதலில் ஊற்றுங்கள். பிறகு பிரேக்கை மிதித்தபடி, இஞ்சின் ஐடிலில் ஓட, பி, ஆர், என், டி ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி மறுபடி பி-க்கு வாருங்கள். ஏற்கெனவே அளவு தப்பாக இருந்த வண்டியில் அளந்து ஊற்றுவது அந்தத் தப்பைத்தான் திரும்பச் செய்யும். எனவே கடைசிச் சரிபார்ப்பைத் தவிர்க்க வழியில்லை. டிப்ஸ்டிக் உள்ள பெரும்பாலான வண்டிகளில் இஞ்சின் ஓடும்போதே, சூடான பிறகு பார்க்க வேண்டும். ஹோண்டாவில் சூடாக்கி, இஞ்சினை நிறுத்தி, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். டிரெயின் பிளக்குக்குள் குழாய் நிற்கும் வகையில் ஆயில் வெப்பம் கையேடு சொல்லும் எல்லைக்குள் இருக்க வேண்டும், பெரும்பாலும் 40 டிகிரியை ஒட்டி. வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரில் ஆயில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே, இஞ்சின் ஓட, வெளி பிளக்கை மட்டும் கழற்றுங்கள். மெல்லிய தாரையாக வந்து, தாரை அறுந்து சொட்டு சொட்டாக மாறும் நொடிதான் சரியான அளவு. எதுவும் வரவில்லையென்றால் குறைவு, மேலே ஊற்றுங்கள். சொட்டத் தொடங்கியதும் புது வாஷரோடு பிளக்கை மூடுங்கள், அதன் பிறகே இஞ்சினை அணையுங்கள்.

குறைந்தால் பம்ப் காற்றை இழுத்து கியர் தாமதமாக விழும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்குப் பிரஷர் தாங்காது, அதனால் அப்போதும் நழுவும். அறிகுறி ஒன்றாக இருப்பதால், நழுவுகிறது என்று அளக்காமல் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிடாதீர்கள்.

முதல் சில நாள் கியர் மாறுவது சற்று வித்தியாசமாக இருக்கலாம். கம்ப்யூட்டர் பழைய ஆயிலுக்குப் பழகியிருக்கும். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து கசிவு பாருங்கள். பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த பாட்டிலிலேயே அடைத்து, கழிவு ஆயில் வாங்குமிடத்தில் கொடுங்கள்.