எஃப்டிபி சர்வருக்கு டிஎல்எஸ் போட்ட கதை

சிவகாசில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல சிஸ்டம் வேலை பாக்குறேன். டைரி, காலண்டர், லேபிள்னு எல்லாம் ஓடும். டிசைனருங்க அனுப்புற பிடிஎஃப் ஒவ்வொண்ணும் ஜிபி கணக்குல இருக்கும், மெயில்ல போகாது, அதனால பல வருஷமாவே நெட் வழியா ஃபைல் வாங்க ஒரு எஃப்டிபி சர்வர், லினக்ஸ்ல விஎஸ்எஃப்டிபிடிங்கற சாஃப்ட்வேர் போட்டு, யாரும் தொடாம அது பாட்டுக்கு ஓடிட்டு கெடந்துச்சு. நடுவுல யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புற என்கிரிப்ஷன்லாம் கெடையாது, அதுக்குத்தான் டிஎல்எஸ்.

மாத்தணும்னு மொதலாளிகிட்ட சொன்னா, அவரை நாங்க எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம், "ஃபைல் வருதுல்ல, அப்புறம் எதுக்குப்பா அதுல கைய வைக்குற"ன்னார். வாயால சொல்லி பிரயோஜனம் இல்லன்னு நெட்வொர்க்ல போறதையெல்லாம் காட்டுற டிசிபிடம்ப்ப சர்வர்ல, எஃப்டிபி பேசுற 21-ம் போர்ட்டுக்கு ஓடவிட்டுட்டு, "நீங்க வழக்கம்போல ஒருதடவ லாகின் பண்ணுங்க அண்ணாச்சி"ன்னேன். அவர் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்ல பாஸ்வேர்டு அடிச்சு என்டர் தட்டுனதும் என் ஸ்கிரீன்ல யூசர்னு ஒரு வரி, பாஸ்னு ஒரு வரி, பக்கத்துலயே முழு பாஸ்வேர்டும் அப்படியே வந்து நின்னுச்சு. "இது நம்ம டெம்போ நம்பர்ல?"ன்னார். ஆமா அதேதான். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல, அடுத்த வருஷ காலண்டர் டிசைன் பக்கத்து பிரஸ்காரன் கைக்கு போனா என்னாகும்னு அவரே கணக்கு போட்டுக்கிட்டார்.

எஃப்டிபிய குறை சொல்லியும் பிரயோஜனம் இல்ல. 1971-ல எம்ஐடில இருந்த அபய் பூஷண் எழுதுனது அது, ஐஐடி கான்பூர் மொத பேட்ச்ல படிச்சவரு. நெட்வொர்க்லயே மொத்தம் கொஞ்சம் மெஷின்தான் இருந்த காலம், அதுல திருடன் வருவான்னு யாரு யோசிச்சிருப்பா.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எஸ்எஃப்டிபி போடுங்க, யோசிக்கவே வேணாம். எஸ்எஸ்ஹெச்ங்கற என்கிரிப்ட் பண்ண கனெக்ஷன் மேல ஓடுது, 22-னு ஒரே போர்ட், முடிஞ்சது. எங்களுக்கு அது சரிப்படல, ஏன்னா ரெண்டு மூணு கஸ்டமரோட சாஃப்ட்வேர்லேர்ந்து ஃபைல் ஆட்டோமேட்டிக்கா வந்து விழும், அதுக்கு எஃப்டிபி, இல்லன்னா டிஎல்எஸ் போட்ட எஃப்டிபி, இது ரெண்டுதான் தெரியும். அதனால எஃப்டிபிஎஸ், அதாவது அந்த டிஎல்எஸ் போட்ட எஃப்டிபி.

செட் பண்றது அரை மணி நேர வேலைதான். விஎஸ்எஃப்டிபிடி பேர்லயே வெரி செக்யூர்னு இருக்கு, ஆனா டிஎல்எஸ் டிஃபால்ட்டா ஆஃப்லதான் வரும். (2011-ல இதோட 2.3.4 டவுன்லோட் ஃபைல்ல எவனோ பேக்டோர், அதாவது திருட்டு வாசல், சொருகிட்டான், யூசர்நேம்ல ஒரு ஸ்மைலி சேத்து அடிச்சா 6200-ம் போர்ட்ல ரூட் ஷெல் தொறந்துடும், மெஷினே அவன் கைல. பேர நம்பக்கூடாது.) இது நெஜமாவே நம்ம சர்வர்தான்னு காட்டுற சர்டிஃபிகேட்ட நாமளே தயார் பண்ணிக்கிட்டா ஃபைல்ஜில்லால (ஃபைல் அனுப்புற எஃப்டிபி சாஃப்ட்வேர்) ஒரு எச்சரிக்கை பாக்ஸ் வரும், அத யாரும் படிக்கமாட்டாங்க, டிக் அடிச்சு ஓகே கொடுத்துட்டு போயிடுவாங்க, நாளைக்கு நெஜமாவே எவனாவது நடுவுல பூந்தாலும் இதே மாதிரி ஓகேதான் கொடுப்பாங்க. அதனால இலவசமா சர்டிஃபிகேட் கொடுக்குற லெட்ஸ் என்கிரிப்ட்லேர்ந்து வாங்கிட்டேன். டிஎல்எஸ் 1.0, 1.1 ரெண்டையும் ஆஃப் பண்ணேன், 2021-லயே அதுக்கு மூடுவிழா நடத்தியாச்சு.

போட்டு டெஸ்ட் பண்ணா ஆபீஸ்குள்ள நல்லா ஓடுது. வெளிலேர்ந்து பாத்தா லாகின் ஆகுது, ஆனா ஃபோல்டர் லிஸ்ட் வரல, சுத்திக்கிட்டே இருந்துட்டு டைம்அவுட். பழைய மாதிரி பிளெய்ன்ல, டிஎல்எஸ் இல்லாம போனா டக்குனு வருது. இதப் பாத்துட்டுத்தான் நெறைய பேர் "டிஎல்எஸ் போட்டா சர்வர் வீணாப்போகுது"ன்னு திருப்பி ஆஃப் பண்ணிடுறாங்க, எனக்கு தெரிஞ்சே ரெண்டு எடத்துல அப்படித்தான் கெடக்கு.

விஷயம் என்னன்னா எஃப்டிபி ரெண்டு கனெக்ஷன்ல ஓடுது. பேச்சுவார்த்தை 21-ல, ஃபைலும் லிஸ்ட்டும் வேற போர்ட்ல. பேசிவ் மோட்ல, அதாவது ரெண்டாவது கனெக்ஷனையும் க்ளையன்ட்டே வந்து போடுற முறைல, சர்வர் 227-னு ஆரம்பிச்சு ஆறு நம்பர் அனுப்பும், மொத நாலும் ஐபி, கடைசி ரெண்டும் போர்ட். உதாரணத்துக்கு 195,80னு வந்தா 195-அ 256-ஆல பெருக்கி 80 கூட்டணும், 50000. க்ளையன்ட் அந்த போர்ட்டுக்கு வரும். இத்தன வருஷமா அந்த போர்ட்ட யாரு தொறந்து விட்டுட்டு இருந்தான்னு பாத்தா, எங்க ஃபயர்வால். நடுவுல உக்காந்து அந்த 227 வரிய ஒட்டுக்கேட்டு, ஓஹோ 50000-மா, சரின்னு அந்த நேரத்துக்கு மட்டும் தொறந்து, உள் ஐபிய வெளி ஐபியா மாத்தியும் கொடுத்திருக்கு. டிஎல்எஸ் போட்டதும் அந்த வரி அதுக்கு புரியல, அதனால தொறக்கல. க்ளையன்ட்டுக்கு 192.168-னு ஆரம்பிக்கிற எங்க உள் ஐபி போகுது, அவங்க அத வச்சு என்ன பண்ணுவாங்க. கண்டுபிடிச்சப்புறம் சிம்பிள்: பேசிவ் போர்ட்ட 50000 டு 50100-னு கட்டிப்போட்டு, பேசிவ் அட்ரஸ்ல வெளி ஐபிய எழுதி, அந்த ரேஞ்ச மட்டும் ஃபயர்வால்ல தொறந்துவிட்டேன். எனக்கு இதுல ரொம்ப புடிச்சது என்னன்னா, என்கிரிப்ஷன் வேலை செய்யுதுங்குறதுக்கு அந்த டைம்அவுட்தான் மொத சாட்சி, நடுவுல உக்காந்திருக்கற எங்க ஃபயர்வாலாலயே அத படிக்க முடியல.

இன்னொண்ணு, ஃபைல் போற டேட்டா கனெக்ஷன்ல, லாகின் பண்ணப்போ போட்ட டிஎல்எஸ் செஷனையே திரும்ப யூஸ் பண்ணணும்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. நெட்ல யார கேட்டாலும் அத நோ-ன்னு போடு எல்லாம் சரியாயிடும்பாங்க. போடாதீங்க. லாகின் பண்ண அதே ஆள்தான் டேட்டா போர்ட்டுக்கும் வர்றாரான்னு பாக்குறதே அதுதான். ஒரு கஸ்டமரோட பழைய சாஃப்ட்வேர் மட்டும் அதுல தடுக்கிச்சு, அவங்கள புது வெர்ஷனுக்கு போகச் சொன்னோம், போயிட்டாங்க.

பிளெய்ன ஒரேடியா மூடல. கொஞ்ச நாள் ரெண்டையும் விட்டுட்டு ப்ரோட்டோகால் லாக் ஆன் பண்ணி, டிஎல்எஸ் கேக்குற ஆத் டிஎல்எஸ்ங்கற கட்டளைய அனுப்பாம நேரா லாகின் பண்றது யாரு யாருன்னு பாத்தேன். ஃபைல்ஜில்லா வச்சிருக்கறவங்க டிஎல்எஸ் இருந்தா தானா அதுலயே வந்துடுறாங்க, அவங்களுக்கு எதுவும் மாறுனதே தெரியாது. மாட்டுனது அண்ணாச்சி மாதிரி எக்ஸ்ப்ளோரர்ல தொறக்கிறவங்க, அதுக்கு டிஎல்எஸ் வராது. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு ஃபைல்ஜில்லா எறக்க வச்சேன், சர்வர் வேலைய விட இந்த போன் வேலைதான் ஜாஸ்தி. அப்புறம் கட்டாயம் பண்ணதும் 530, என்கிரிப்ஷன் இல்லாம உள்ள விடமாட்டேன்னு எர்ரர் வருதுன்னு ஒரு சென்னை டிசைனர் "இந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் எடுத்துவிடுங்க சார்"னு கேட்டார், எடுக்கல, போன்லயே செட்டிங் சொல்லிக்கொடுத்து அனுப்ப வச்சேன்.

எங்க பழைய ஸ்கேனருக்கு மட்டும் பிளெய்ன் எஃப்டிபி தவிர எதுவும் தெரியாது. அதுக்கு உள் நெட்வொர்க்ல மட்டும் ஒரு குட்டி சர்வர் போட்டு, போடலாம் எடுக்க முடியாதுங்குற மாதிரி ஒரு ஃபோல்டர் கொடுத்து ஒதுக்கி வச்சாச்சு.

இப்போ பாக்கி இருக்கறது பாஸ்வேர்டுதான். டெம்போ நம்பர மாத்தியாச்சு, ஆனா பாதி கஸ்டமருக்கு இன்னும் ஒரே லாகின், ஒருத்தர் ஃபைல இன்னொருத்தர் பாக்கலாம், டிஎல்எஸ் அதுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆளுக்கொரு யூசர், ஆளுக்கொரு ஃபோல்டர்னு பிரிக்கணும்னு கேட்டிருக்கேன், டைரி சீசன் முடியட்டும்னுட்டார் அண்ணாச்சி.